தோணி யாருடையது?



ஏறாவூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது. சக்கர நாற்காலியில்தான் பாடசாலைக்குப் போய் வருகிறான். ஒவ்வோர் ஆண்டும் இல்ல விளையாட்டுப் போட்டியில் வினோத உடை நிகழ்ச்சி வரும்போது, கூடாரத்துக்குள் இருந்து மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பதுதான் அவன் வேலை. இம்முறை அவனுடைய மாமா, வீட்டில் உடைந்து கிடக்கும் ரிமோட் கார்களைக் கழற்றி ஓடும் தோணி ஒன்று செய்து, மருமகனை அதற்குள் தோணிக்காரனாக உட்கார வைக்கப் போகிறாராம். “இது நடக்கிற காரியமா?” என்பது கேள்வி.

நடக்கும், சகோதரியே. ஆனால் மாமா நினைக்கிற வழியில் அல்ல.

கைக்கடக்கமான ரிமோட் காரின் மோட்டர் பெருவிரல் அளவுதான். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுழலும். ஆனால் இழுவைப் பலம் கிடையாது. அப்படிப் பத்தைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு பிள்ளையை மணலில் நகர்த்த முடியாது. உங்களுக்குத் தேவை, சிறு பிள்ளைகள் ஏறியிருந்து ஓட்டும் பற்றரிக் கார். அதிலுள்ள 6 அல்லது 12 வோல்ட் மோட்டரின் வேகத்தைப் பற்சில்லுகள் குறைத்துப் பலமாக மாற்றித் தருகின்றன. மனிதன் நடக்கும் வேகத்தில் போகும். பாவித்த கார் ஒன்று கிடைத்தால் போதும். எத்தனை கிலோ தாங்கும் என்பது அடியில் எழுதப்பட்டிருக்கும். பலவற்றுக்கு 30 கிலோ அளவுதான் எல்லை. மகனின் நிறையோடு தோணியின் நிறையையும் கூட்டிப் பாருங்கள்.

ஆகவே தோணி பாரமில்லாமல் இருக்க வேண்டும். மூங்கில் கீற்றில் சட்டம் கட்டி, ரெஜிபோமும் மட்டையும் ஒட்டி, அடிப்பாகம் இல்லாமல் காரைச் சுற்றித் தொங்க விடுங்கள். மாமா கழற்றி வைத்த சிறு மோட்டர்களும் வீணாகாது. துடுப்பை அசைக்கவும் முனையில் விளக்கெரியவும் அவை தாராளமாகப் போதும். 1206ஆம் ஆண்டில் தன் நூலை எழுதி முடித்த அல் ஜஸரி, நான்கு இசைஞர் பொம்மைகள் இருக்கும் படகொன்றை அதில் விவரிக்கிறார். நீர் நிறைந்து கவிழும் வாளி ஒரு சில்லைச் சுழற்ற, அதன் அச்சிலிருந்த முளைகள் பொம்மைகளின் கைகளை அசைத்தன. துடுப்புக்கும் அதே முளை வித்தைதான். பற்றரி இல்லாத காலத்து மனிதர் அவர்!

நம் வாவிக்கரைப் பக்கத்து மைதானங்களில் பல மணல் தரை. பிளாஸ்டிக் சில்லு அதில் புதைந்து வீணே சுழலும். பழைய சைக்கிள் டயரை வெட்டிச் சில்லைச் சுற்றி இறுக்கி விடுங்கள். வீட்டுச் சீமெந்துத் தரையில் ஓடிவிட்டதென்று நம்பாமல், மைதானத்திலேயே முதல் நாள் ஓட்டிப் பாருங்கள். உப்புக் காற்றில் பற்றரி முனைகளில் பச்சை பிடிக்கும், சுரண்டித் துடையுங்கள். பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் இருக்கட்டும். பின்னால் நடந்து வரும் பெரியவரின் கைக்கெட்டும் இடத்தில், மோட்டரை ஒரேயடியாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் வேண்டும். பழைய விளையாட்டு ரிமோட்டால் தோணியை ஓட்டவே வேண்டாம். அவற்றில் பல ஒரே அலைவரிசையில் இயங்குபவை. கூட்டத்தில் வேறொரு பிள்ளை தன் ரிமோட்டை அழுத்த, உங்கள் தோணி திரும்பிவிடக் கூடும்.

ரிமோட் வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் இப்படியொரு தோணியில் நானும் கை வைத்தேன். எல்லாம் சரியாக ஓடியது. எல்லைக் கோட்டில் நின்ற தகப்பன் ரிமோட்டை அழுத்த, பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நல்ல கைதட்டல். இறக்கிவிடும்போது அவன் கேட்டான்: “இது என்ட தோணியா, உங்கட தோணியா வாப்பா?” தகப்பன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றப் பிள்ளைகள் தங்கள் காலால் நடந்து வந்த மைதானத்தில் அவனை நாங்கள் பொம்மையாக அல்லவா ஓட்டியிருக்கிறோம்!

அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல் கலோவே தொடங்கிய ‘கோ பேபி கோ’ என்ற முயற்சி, இதே பற்றரிக் கார்களை நடக்க முடியாத குழந்தைகளுக்காக மாற்றிக் கொடுக்கிறது. காலால் மிதிப்பதற்குப் பதில் கையால் அழுத்தும் பெரிய பொத்தான்; முதுகுக்கும் பக்கங்களுக்கும் குழாயாலும் மெத்தைப் பலகையாலும் தாங்கல். செலவு அதிகமில்லை. எங்கே போவது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கிறது.

மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். மிதிகட்டைக்குப் போகும் இரு வயர்களையும் கழற்றி, மகனின் கைக்கு வசதியான இடத்தில் ஒரு பெரிய பொத்தானில் இணைத்தால் போதும். அழுத்தினால் ஓட வேண்டும், கை எடுத்தால் நிற்க வேண்டும். ஸ்டியரிங்கும் அவன் கையில் இருக்கட்டும். ஒரு வாரம் முற்றத்தில் பழகட்டும். இரண்டொரு தடவை வேலியில் மோதுவான், மோதட்டும். இடுப்புப் பட்டியை மட்டும் மறக்க வேண்டாம்.

உருவம் செய்யலாமா என்று உங்கள் மாமியார் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தோணிக்கு அந்தக் கேள்வியே எழாது. மகன் மீன்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்கிடையே துணிச் சிறகு வைத்த குதிரை இருந்ததும், அதைக் கண்டு நபியவர்கள் (ஸல்) சிரித்ததும் ஹதீஸில் வருவதை அவரும் அறிவார்.

போட்டி முடிந்ததும் கட்டாயம் எழுதுங்கள். பரிசு கிடைத்ததா என்பதை அல்ல; மைதானத்தில் அவன் தோணியை எந்தப் பக்கம் திருப்பினான் என்பதை.