தேனடையும் தீப்பந்தமும்

சென்ற மாசி மாதத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்தின் பொருட்டு நாங்கள் ஏழு பேர் காரைக்குடிக்குச் சென்றிருந்தோம். விடுதியாக மாற்றப்பட்ட பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் தங்கினோம். முகப்பின் மேலே, இரண்டாம் தளத்துச் சன்ஷேடுக்கு அடியில், முறத்தைவிடப் பெரிய மலைத்தேனீக் கூடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மாலை வெயிலில் அதன்மேல் ஒரு நடுக்கம் அலையலையாக ஓடி மறைவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாள் ஒரு கல்யாணக் கூட்டம் அந்த வீட்டில் தங்க வரவிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் இருவர் வந்தார்கள். நீண்ட மூங்கிலில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, பத்தே நிமிடத்தில் வேலையை முடித்தார்கள். இருட்டில் கலைக்கப்பட்ட தேனீ வெளிச்சத்தை நோக்கியே பறக்கும். ஆகவே அவை தாமாகவே வந்து பந்தத்தில் விழுந்தன. காலையில் முற்றத்தைக் கூட்டிய அம்மாள் இரண்டு வாளி நிறைய அள்ளிக்கொண்டு போனார். தேன் மட்டும் ஓர் எவர்சில்வர் தூக்கில் பத்திரமாக வடித்து வைக்கப்பட்டிருந்தது. எங்களுக்கும் காலைப் பலகாரத்தோடு கொஞ்சம் கொடுத்தார்கள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், எங்களில் மூவர் சாப்பிட்டோம்.

அன்று மாலை கூட்டத்தில் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது நண்பர் ஒருவர் எழுந்து, ஐன்ஸ்டைன் பெயரால் ஊரெங்கும் உலவும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்: தேனீ அழிந்தால் மனிதனுக்கு நான்கே ஆண்டுகள்தான். அவையில் தலைகள் அசைந்தன. எங்களுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

ஐன்ஸ்டைன் இதைச் சொன்னதற்கோ எழுதியதற்கோ எந்தச் சான்றும் கிடையாது. அவர் 1955-ல் இறந்த பிறகே இது அவர் பெயரோடு அச்சில் தலைகாட்டுகிறது. யார் சொல்லியிருந்தாலும் இது தவறுதான். சிவகங்கைச் சீமையின் கண்மாய்ப் பாசனத்தில் விளையும் நெல்லுக்குத் தேனீ வேண்டாம். கம்பு, சோளம், கேழ்வரகு எவற்றுக்கும் வேண்டாம். 2007-ல் வெளியாகி இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு, உலகின் முதன்மையான உணவுப் பயிர்கள் 115-ல் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவில் விலங்குகளால் நடக்கும் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்திருப்பதாகக் கணக்கிட்டது. மேடைகளில் இந்த எண்ணை மட்டும் சொல்வார்கள். விளைச்சலின் எடையில் சுமார் 60 விழுக்காடு அந்த உதவி தேவைப்படாத பயிர்களிலிருந்து வருகிறது என்றும் அதே ஆய்வு சொல்லியிருப்பதை யாரும் சொல்வதில்லை. மிகைப்படுத்தி அச்சுறுத்துகிறவர்கள் தேனீக்கு நண்பர்கள் அல்லர். நான்கு ஆண்டுகள் கழித்தும் சோறு வேகும். அன்றைக்கு, சொன்னதெல்லாம் பொய் என்று மக்கள் முடிவுகட்டிவிடுவார்கள்.

சோறு இருக்கும். இலையில் வேறு என்ன இருக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். செட்டிநாட்டுச் சமையலைத் தேடி எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். கத்தரிக்காய்க் கோசமல்லியை எடுத்துக்கொள்வோம். கத்தரிப்பூவின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப்போல் வெடித்து விரிவதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. உப்புத்தூள் டப்பாவைக் குலுக்குவதுபோல் அதைக் குலுக்கினால்தான் மகரந்தம் உதிரும். காற்று அசைப்பதிலும் ஓரளவு காய்க்கும் என்றாலும், நன்றாகக் குலுக்கத் தெரிந்தவை சில காட்டுத் தேனீக்கள்தாம். பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைத்து, ஒரு ரீங்காரத்தால் மகரந்தத்தைக் கொட்டச்செய்யும். தேன் தரும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நீலப்பட்டை போட்ட தேனீக்கும், நம்மூரில் கருவண்டு என்று சொல்லி விளக்குமாற்றால் அடிக்கும் தச்சுத் தேனீக்கும் தெரியும். முருங்கைப் பூவுக்கும் முக்கியமான விருந்தாளி இந்தத் தச்சுத் தேனீதான். காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் பழைய உத்திரங்களிலும் துளையிட்டுக் குடியிருப்பது அதன் ஒரே குற்றம். பூசணியிலும் பீர்க்கிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூசணிப்பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு பூச்சி வந்தாக வேண்டும். மாங்காய்க்கும் புளிக்கும் இதே பாடுதான். குழம்பில் போடும் கல்பாசிக்கு மட்டும் கவலையில்லை, அது பூவே இல்லாத உயிர்.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான்: நாம் தேனைத்தான் மதிக்கிறோம், தேனீயை அல்ல. தேன் தராத பூச்சிக்கு நம்மிடம் பெயர்கூடக் கிடையாது.

அரசும் இதற்கு விலக்கல்ல. 2020-ல் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் அறிவிக்கப்பட்டது. 'இனிப்புப் புரட்சி' என்று அதற்குச் செல்லப்பெயரும் உண்டு. மகரந்தச் சேர்க்கையும் அதன் நோக்கங்களில் ஒன்று என்பதை மறுக்கவில்லை. ஆனால் மேடையில் முழங்கும் கணக்கு டன் கணக்குத்தான். தேனின் எடை மகரந்தச் சேர்க்கைக்கு அளவுகோல் ஆகுமா? குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைப் பாருங்கள், தமிழகத்தில் தேனுக்குப் பேர்போன ஊர். அங்கே எடுக்கப்படும் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. அதுவும் பூவிலிருந்து அல்ல, தளிரிலைக் காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து. குடம் குடமாகத் தேன் கிடைக்கிறது, அதைச் சேர்க்கும்போது ஒரு பூவும் கருவுறுவதில்லை. மார்த்தாண்டத்துக்காரர்கள் நல்ல உழைப்பாளிகள், அவர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. தேன்பெட்டி வைத்துவிட்டால் இயற்கையைக் காப்பாற்றியாயிற்று என்று நம்பும் நகரத்து அப்பாவித்தனத்தைத்தான் சொல்கிறோம். பெட்டித் தேனீயும் நிரந்தரமன்று. 1991-ல் தொடங்கித் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய், பெட்டிகளில் வளர்ந்த நாட்டுத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது. ஓர் இனத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை அன்றே கற்றிருக்க வேண்டும்.

இனி இலக்கிய வாசகர்களாகிய நம்மைப் பற்றி. காரைக்குடியிலிருந்து கிளம்பினால் பகற்பொழுதுக்குள் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு அதுவே என்பது நெடுங்கால வழக்கு. மூவேந்தரும் முற்றுகையிட்டு நின்றபோது, உழவர் உழாமலே அந்த மலை தரும் நான்கு வளங்களைக் கபிலர் எண்ணிச் சொன்னார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். (மூங்கில் நெல்லுக்கும் தேனீ தேவையில்லை, அது காற்றின் பிள்ளை. கபிலரையும் மிகைப்படுத்த வேண்டாம்.) அதே கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர்சொல்லி அடுக்கினார். அந்தப் பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பித்துக் கைதட்டல் வாங்குவது நம் அவைகளில் இன்றும் வழக்கம். தும்பி, சுரும்பு, ஞிமிறு, பிரசம் என்று பூவை மொய்க்கும் உயிர்களுக்குப் பழந்தமிழில் எத்தனை சொற்கள்! தேன் என்ற சொல்லே ஒருவகை வண்டையும் குறித்தது. நம் உரைகளிலோ எல்லாமே 'வண்டு'. மலைத்தேனீயையும் கொம்புத்தேனீயையும் பொந்தில் வாழும் அடுக்குத்தேனீயையும் கொட்டாத கொசுத்தேனீயையும் பார்த்தால் பிரித்தறியக்கூடியவர் எங்கள் எழுவரில் ஒருவர்தான். அவரும் தமிழ் படித்தவர் அல்லர், வங்கியில் வேலை பார்க்கிறவர்.

மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் இரைதேடப் போகும் என்பதை அவர்தான் சொன்னார். பூக்காலம் முடிந்ததும் கூட்டை அப்படியே விட்டுவிட்டு நெடுந்தொலைவு இடம்பெயரும், அடுத்த பருவத்தில் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும் என்பதையும். அதாவது, அந்த வீட்டுக்காரர் சில வாரங்கள் பொறுத்திருந்தால் கூடு தானாகவே காலியாகியிருக்கும்.

பந்தத்தைவிடப் பெரிய தீங்கு ஒரு சொல்லில் இருக்கிறது. தரிசு. செட்டிநாட்டின் பொட்டலும் புதர்க்காடும் வருவாய்க் கணக்கில் தரிசு, வீட்டுமனை விற்பவரின் கணக்கில் காலிமனை. மண்ணில் வளையிட்டு வாழும் தனித்தேனீக்கள் குடியிருப்பது அங்கேதான். 1974-ல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் அமைக்கப்பட்ட பின் சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் புதர்க்காடு இருந்த இடங்களில் காகிதக்கூழுக்கான தைலமரம் வரிசைகட்டி நிற்கிறது. தைலமரப் பூவிலும் தேன் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரே மரம், ஒரே பூக்காலம், சில ஆண்டுகளில் மொத்தமாக வெட்டு. எஞ்சிய மாதங்களில் பூச்சி என்ன தின்னும்? சீமைக்கருவேலத்தைப் பிடுங்கச்சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். வறண்ட மாதங்களில் தேனீக்குப் பெரிய ஆதரவு அந்தப் பாழும் மரத்தின் பூதான் என்பதையும், பிடுங்கிய இடத்தில் வேம்போ புங்கமோ இலுப்பையோ வைக்க வேண்டும் என்பதையும் எத்தனை பேர் பேசினோம்? இலுப்பைக்கு வௌவால் வேண்டும். அந்த வௌவாலைச் சட்டம் 2022-ல் திருத்தப்படும்வரை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது.

2014-ல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் ஆத்தங்குடிக் கற்களுக்கும் மரபு என்று பெயர் கிடைத்துவிட்டது. ஐயனார் கோயில்காடுகளுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டிக் கோயில்காடு, 5 ஹெக்டேர்கூட இல்லாதது, 2025-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. செட்டிநாட்டுக் கோயில்களில் குடமுழுக்குக்குக் கோடிகள் சேர்கின்றன, நல்லது. அந்தத் திருப்பணியிலேயே காட்டை வெட்டிச் சிமெண்டுத் தளம் போடுவதும் நடக்கிறதே, அதை யார் கேட்பது?

மருந்தடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேனீக்குக் கேடு என்று 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்த வயல்களில் தடைசெய்த இமிடாகுளோபிரிட்டும் தயமீத்தாக்சாமும் நம் உரக்கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. பூத்து நிற்கும் கத்தரியின் மேல் காலையிலேயே தெளிக்கிறார்கள். மாலையில் தெளித்தாலே சேதம் குறையும்.

தேனீ கொட்டினால் ஆள் சாவதில்லையா என்று கேட்பார்கள். சாவதுண்டு. பள்ளிக்கூட வாசலில் மலைத்தேனீக் கூடு இருந்தால் அப்புறப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அப்புறப்படுத்துவது வேறு, கொளுத்துவது வேறு. நீலகிரியில் குறும்பர்கள் பச்சிலைப் புகைபோட்டுத் தேனீயை விலக்கித் தேனெடுப்பதைக் கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை பல்லாண்டுகளாகப் பதிவுசெய்து வருகிறது. புகைபோடத் தெரிந்த ஆளுக்குக் கூலி கூடுதல், மண்ணெண்ணெய் மலிவு. உண்மையான காரணம் அவ்வளவுதான், அதில் அச்சத்தின் பங்கு கொஞ்சமே.

இந்த மண்ணுக்குப் பொறுமை தெரியாது என்றும் சொல்ல முடியாது. இதே மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகே, 1977-ல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வலசை வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக, குழந்தைகள் உட்பட. சட்டத்துக்கு அஞ்சியா செய்கிறார்கள்? பறவைகள் தங்கள் ஊருக்கு வந்த விருந்து என்று நினைக்கிறார்கள். மலைத்தேனீயும் அப்படி வலசை வருவதுதான்.

ஊர் திரும்பியதும் அந்த விடுதிக்காரருக்கு நாங்கள் எழுவரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் எழுதினோம். அடுத்த முறை கூடு கட்டினால், அதற்குக் கீழே உள்ள இரண்டு அறைகளையும் பூட்டிவைத்துவிடுங்கள், தேனீ தானாகப் போகும்வரை அவற்றின் வாடகையை நாங்கள் பங்குபோட்டுத் தந்துவிடுகிறோம் என்று. தேனைச் சாப்பிட்ட மூவரும் இருமடங்கு தருவதாக ஏற்றிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.