அம்மாச்சியும் நடக்க ஒரு பாதை வேண்டும்!

(சிவில் இரண்டாம் ஆண்டு மாணவி, அச்சங்குளம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, பெண் கல்வி எழுதலாமா, நதிநீர் இணைப்பு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது எங்க ஊரும் எங்க வீடும்தான். அப்புறம், போன தீபாவளி லீவில் நாங்கள் குடும்பத்தோடு போய்விட்டு வந்த ஒரு காடு. அதைப் பற்றியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எங்கள் வீட்டில் கட்டுரை எழுதும் முதல் ஆள் நான்தான்.

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் ஒரு அக்கா, "அந்த வெடி விபத்து நடந்த ஊரா?" என்று கேட்டார். ஆமாம், அதே அச்சங்குளம்தான். 2021 பிப்ரவரி 12. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அந்த மதியானச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் அந்த அக்கா கேட்டதிலிருந்து ஒன்று மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு ஊருக்கு இப்படி ஒரே ஒரு அடையாளம்தானா? எங்களைச் சுற்றி வேறு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறதே! கிழக்கே பார்த்தால் கரிசல், மேற்கே பார்த்தால் மலை. மழை பெய்த மறுநாள் மொட்டை மாடியில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகத் தெரியும். அங்கே பெய்யும் மழைதான் ஓடைகளாக இறங்கி வைப்பாறு ஆகிறது. அந்த வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில், சுமார் 25 ஏக்கர் மேடு ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் தொடங்கி மூன்று கட்டமாக அங்கே அகழாய்வு செய்தது. ஆயிரக்கணக்கில் பொருள்கள் கிடைத்தன. நாங்கள் பஸ்ஸில் போகும்போது "அங்க என்னமோ தோண்டுறாங்கப்பா" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி.

போன தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளுக்கு லீவு விட்டிருந்த நேரம். நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஊரே தீபாவளி கொண்டாடும்வரை எங்கள் வீடுகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. பண்டிகை முடிந்த பிறகுதான் எங்களுக்கு ஓய்வு. கையில் காசு குறைவு, நேரம் அதிகம். வருஷத்தில் அம்மா பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருப்பது அந்தச் சில வாரம்தான்.

முதலில் வெம்பக்கோட்டை போனோம். நான், அம்மா, அம்மாச்சி, நாலாம் வகுப்புப் படிக்கும் தங்கச்சி. அகழாய்வில் கிடைத்த பொருள்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். தங்கச்சி ஓடிப்போய், "அக்கா, பாண்டி விளையாடுற சில்லு!" என்று கத்தினாள். சுடுமண் வட்டச் சில்லுகள். அவள் பைக்குள் அப்போதும் அதே மாதிரி ஒரு ஓட்டுச் சில்லு கிடந்தது! அம்மா நின்ற இடம் வேறு. சங்கு வளையல்கள் வைத்திருந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றது. அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகளும் உடைந்த வளையல்களும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், இங்கேயே சங்கு அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சங்கு கடலில் கிடைப்பது. வைப்பாறு போய்ச் சேருவது மன்னார் வளைகுடாவில். ஆற்றோரமாகவே சங்கு இங்கே வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்குத் தோன்றியது வேறு. "அப்பயும் நம்மள மாதிரி பொம்பளைங்க உக்காந்து தேய்ச்சிருப்பாங்கல்ல? தூசி மூக்குல ஏறியிருக்கும்" என்றது. அலுமினியத் தூள் படிந்து படிந்து நகக்கண் கறுத்த கையால் அந்தக் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு வரலாற்றை அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து செண்பகத்தோப்பு. மூன்று வண்டி மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து மலையடிவாரம். அம்மாச்சி சின்னப் பிள்ளையில் புரட்டாசிச் சனிக்கிழமைக்குக் காட்டழகர் கோவிலுக்கு அவுக அய்யாவோடு மாட்டு வண்டியில் வந்ததாம். அதற்குப் பிறகு அறுபது வருஷமாக இந்தப் பக்கமே வரவில்லை. "எங்கத்தா நேரம்?" என்று கேட்டது. நியாயமான கேள்விதானே!

காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் மேலே ஏதோ சலசலத்தது. பார்த்தால் அணில். நம் வீட்டு வேப்பமரத்து அணில் இல்லை. பூனை அளவு உடம்பு, அதே நீளத்துக்குத் தொங்கும் வால், சாம்பல் நிறம். இதற்காகத்தான் 1988-இல் இங்கே சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் ஏற்படுத்தினார்கள். 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நாட்டிலேயே 51-ஆவது. (கவனித்தீர்களா? எங்கள் ஊர் செய்தியில் வந்ததும் அதே 2021 பிப்ரவரி மாதம், இந்தக் காடு செய்தியில் வந்ததும் அதே மாதம். ஒன்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.)

அதோடு எங்கள் பயணம் முடிந்துவிட்டது. பாதை கல்லும் வேருமாக ஏறத் தொடங்கியது. அம்மாச்சிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார ஒரு திண்டு இல்லை. எது வழி, எது மாடு போன தடம் என்று தெரியவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்ல ஒரு பலகை இல்லை. அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ஒதுங்க இடமில்லை. எதிரே வந்த ஒரு பெரியவர், "மேல தண்ணி வரும் நேரம்மா, வயசானவங்கள வச்சிக்கிட்டுப் போகாதீங்க" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. திரும்பிவிட்டோம். வரும் வழியில் அம்மாச்சி பேசவே இல்லை.

நண்பர்களே, என் கேள்வி இதுதான். இந்தக் காடு யாருக்கு? 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். நம் செண்பகத்தோப்பும் அதில் உண்டு. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. மலைவாழ் மக்களுக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது. ஆனால் அது மலையேற்றம். ஷூ மாட்டிய இளைஞர்களுக்கானது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வேறு. நாங்கள் நாலு பேர் போனால் அம்மாவின் ஒரு வாரக் கூலி போய்விடும். நான் கேட்பது மலையேற்றம் இல்லை, நடை. அடிவாரத்தில், காட்டின் ஓரத்தில், போக வர இரண்டு கிலோமீட்டர். பாட்டியும் பேத்தியும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு பாதை.

இதை வகுப்பில் சொன்னபோது சிரித்தார்கள். "ஆறு நாள் வேலை பாக்குறவனுக்கு ஞாயித்துக்கிழமை தூக்கம்தாண்டி டூரு" என்றாள் ஒருத்தி. இன்னொரு நண்பர் சொன்னது இன்னும் கனமானது. "சனங்கள உள்ள விட்டா பாலித்தீன் பையும் பாட்டிலும்தான் மிஞ்சும். புலிக்குன்னு ஒரு இடம் விட்டாச்சுன்னா விட்டுரணும்." இதை நான் லேசாகத் தள்ளவில்லை. யானை நடமாடும் மலை அது. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. காட்டைப் பூங்கா என்று நினைத்துப் போகக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் நான் கேட்பது புலி இருக்கும் உள்காடு இல்லையே! வெளி ஓரம், ஏற்கெனவே மனிதர் நடமாட்டம் உள்ள இடம். அது மட்டுமில்லை, அமாவாசைக்கும் ஆடி மாதத்துக்கும் கூட்டம் கூட்டமாகப் போவதை யாரும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் போவதைவிட, வாரம் முழுக்க நாற்பது ஐம்பது பேராகப் பிரிந்து, கூட ஒரு வழிகாட்டியோடு போவது காட்டுக்கு நல்லதா கெட்டதா? வழிகாட்டியாகப் பளியர் மக்களைத்தான் போட வேண்டும். தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்கள் அவர்கள். எந்த மேகம் ஓடையில் வெள்ளம் கொண்டுவரும் என்று அவர்களுக்குத் தெரிவது எந்தப் பலகைக்கும் தெரியாது.

இனி கொஞ்சம் சிவில் பேசுகிறேன், மெக்கானிக்கல் நண்பர்கள் மன்னிக்க! சர்வே வகுப்பில் லெவல் எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு எல்லாப் பாதையும் சரிவாகத்தான் தெரிகிறது. 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் முழங்கால் வலிக்காரரும் நடப்பார். அதற்கு மேல் ஏறும் இடத்தில் படி, படியின் உயரம் 15 செண்டிமீட்டருக்குள். நூறு நூற்றைம்பது மீட்டருக்கு ஒரு கல் திண்டு. காங்கிரீட் வேண்டவே வேண்டாம். கெட்டித்த மண்ணும் ஓரக் கல்லும் போதும். தண்ணீர் பாதையை அரிக்காமல் குறுக்கே கல் வடிகால். அகலம் ஒரு மீட்டர்தான். ஏன் தெரியுமா? அந்த அணில் தரையில் இறங்க விரும்பாது. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். மேலே மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாம் ஜீப் போகிற மாதிரி அகலமாக மரத்தை வெட்டினால் அதற்குப் பாலம் உடைந்த மாதிரி. பாதை மரத்தைச் சுற்றி வளைந்து போகட்டும், மரம் வளையாது. நுழைவிடத்தில் கழிப்பறையும் குடிதண்ணீரும். பிளாஸ்டிக்கை அங்கேயே எண்ணி வாங்கி வைத்துவிட வேண்டும். காட்டுத்தீ காலத்திலும் கனமழையிலும் பாதையை மூடிவிட வேண்டும். இந்த விஷயத்தில் எங்கள் தொழில் எங்களுக்கு ஒத்தாசை செய்கிறது. தீபாவளியிலிருந்து பொங்கல்வரை மழை விட்ட நாள்களில் காடு பச்சையாக இருக்கும், எங்கள் சனங்களும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள்.

கட்டணம்? பத்து ரூபாயோ இருபது ரூபாயோ. கூடவே சாத்தூரிலோ சிவகாசியிலோ கிளம்பி, வெம்பக்கோட்டை மேடு, செண்பகத்தோப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ். வழியில் மூவரைவென்றான் குடைவரைக் கோவிலையும் சேர்க்கலாம், பாண்டியர் காலத்தது. பாதி வழியில் இட்லி சாப்பிட ஒரு நிழல். இதற்கு மேல் எங்கள் வீடுகளில் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலில் ஊருக்கு நல்ல ஆஸ்பத்திரியும் தீக்காய வார்டும் கேளு, அப்புறம் பார்க்கலாம் காடு என்று அம்மாவே என்னைத் திட்டியது. அதையும் கேட்கத்தான் வேண்டும். அதைக் கேட்பதால் இதைக் கேட்கக்கூடாதா? வேலைக்கு மட்டும் பிறந்தவர்களா நாங்கள்? சங்கு வளையல் முன்னால் அம்மா நின்ற நிற்பைப் பார்த்திருந்தால் நீங்களும் இப்படித்தான் கேட்பீர்கள்.

இதை மனுவாக மட்டும் எழுதினால் போதாது என்று நினைக்கிறேன். பாதை எங்கே, ஏற்றம் எவ்வளவு, திண்டு எத்தனை, செலவு எவ்வளவு என்று ஒரு வரைபடமும் மதிப்பீடும் கூடவே வைத்துக் கொடுத்தால் யாராவது படிப்பார்கள். உரிய அனுமதி வாங்கிக்கொண்டு, அடிவாரத்தில் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு லெவல் எடுத்து, இதையே இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். லெவல் கருவிக்கு ஒருவர், ஸ்டாஃப் பிடிக்க இருவர், நோட்டு எழுத ஒருவர், மொத்தம் நாலு பேர் வேண்டும். இப்போதைக்கு நானும் என் பெஞ்ச்காரியும் இருக்கிறோம். ஸ்டாஃப் பிடிக்க ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் சிவில் துறை அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதவும். சோதனைக்கு நடந்து பார்க்க அம்மாச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறது.