நூலக வரி கட்டுகிறோம், பட்டியலைக் காட்டுங்கள்

வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதோடு நூலக வரியும் சேர்ந்திருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்த வரி இது. காலனியில் தொகுப்பு வீட்டில் குடியிருப்பவரும் இதைக் கட்டுகிறார்.

அந்தக் காசில் வாங்கிய புத்தகங்கள் எவை, எந்த நூலகத்தில் இருக்கின்றன? வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வழியில்லை என்றால் நேரில் போய்க் கேட்கத்தான் வேண்டும். கேட்பதில் என்ன சிரமம் என்பவர்கள், ‘நீ எந்தத் தெரு?’ என்ற எதிர்க்கேள்வியைச் சந்திக்காதவர்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே நூலகப் படி ஏறுவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மாவட்ட மைய நூலகம் தொடங்கி ஊர்ப்புற நூலகம் வரை உள்ள எல்லா நூல்களும் ஒரே பட்டியலாக இணையத்தில் வர வேண்டும். கைபேசியில் தேடினால் நூல் எங்கே இருக்கிறது, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்பது தெரிய வேண்டும். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பட்டியலை இப்படித் தேட முடிகிறது. செலவைக் காரணம் காட்டவும் முடியாது. நியூசிலாந்தின் சிற்றூர் நூலகங்களுக்காக உருவாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த ‘கோஹா’ என்னும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது, தமிழிலும் பதியலாம்.

பதிவதில் கவனம் வேண்டும். அம்பேத்கர், அம்பேத்கார், அம்பேட்கர் என ஒரே பெயர் பல விதமாக அச்சாகிறது. ஒன்றைத் தேடினால் மற்றவையும் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அலமாரியில் இருக்கும் நூலும் இல்லாத நூல்தான். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் எழுத்துகள், 1999-இல் தொகுதிகளாக வரும்வரை பெரும்பாலான வாசகர் கண்ணில் படாமலே கிடந்தன. எழுத்துப் பிழையால் அவை இன்னொரு முறை மறையக் கூடாது.

பட்டியல் மட்டும் போதாது. மைய நூலகத்தில் இருக்கும் நூலைக் கேட்டால், அது நம் ஊர் நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். பேருந்துக் கட்டணம் கொடுத்து நகரத்துக்குப் போக முடியாதவருக்கு அதுவே நூலகம்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைப்போம். போகும்போது வரி ரசீதையும் கையில் எடுத்துப் போவோம்.