பார்ப்பதோடு நில்லாமல் வாங்குவோம்

விடுமுறை என்றதும் வணிக வளாகங்களை நாடுவது நகரவாசிகளின் வழக்கமாகிவிட்டது. மும்பையில் இருப்போர் ஒரு சனிக்கிழமையைக் காலா கோடாவுக்கு ஒதுக்கலாம். 1952-இல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஓவியம் புரியாதே என்ற தயக்கமும் வேண்டா. பல வேளைகளில் ஓவியரே அருகிலிருந்து விளக்குவார். வெளியே நடைபாதையிலும் ஓவியர்கள் தம் படைப்புகளை விற்பனைக்கு வைத்திருப்பர். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் புளோரா நீரூற்று. அதன் சுற்றுப்புற நடைபாதைகளில் பழைய நூல்கள் அடுக்கடுக்காகக் காத்திருக்கும். இப்போது அச்சில் இல்லாத நூலொன்றும் அங்கே அகப்படக்கூடும்.

ஆயினும் அனுமதி இலவசம் என்பதால் கலையும் இலவசமாகிவிடாது. ஓவியம் விலைபோனால்தான் ஓவியருக்கு அடுத்த வண்ணமும் துணியும் கிடைக்கும். விற்காத நூலோ வியாபாரிக்கு முடங்கிய முதல். எனவே நாம் எந்த ஊரில் வாழ்ந்தாலும், மாதாந்திர வரவு செலவில் இவற்றுக்கென ஒரு சிறுதொகையை ஒதுக்குதல் நன்று. பெரிய ஓவியம் வாங்க இயலாதோர் சிறு கோட்டோவியம் ஒன்றை வாங்கலாம். நடைபாதைப் புத்தகக்காரரிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசுவதையும் தவிர்க்கலாம். பார்ப்பவர் பெருகி வாங்குபவர் அருகினால், நம் பிள்ளைகளுக்குப் பார்ப்பதற்கும் ஒன்றும் எஞ்சாது.