வரவுக்கும் ஒரு கெடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுதொழில் செய்வோர் கல்லாப் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்கக் கூடாது என்ற தங்கள் கட்டுரை சரிதான். ஆனால் மார்த்தாண்டம் பக்கம் ஏத்தங்காய் சிப்ஸ் போடும் எங்களுக்குச் செலவைவிட வரவுதான் தலைவலி. ஓணம் நெருங்கினால் குலை விலை ஏறும். ரொக்கம் வைத்தால்தான் சந்தையில் தூக்க விடுவார்கள். தேங்காய் எண்ணெய்க்கும் அப்படியே. சரக்கெடுத்த மொத்த வியாபாரியோ, "பண்டிகை கழியட்டும் அண்ணாச்சி" என்பார். பிறகு போனை எடுக்க மாட்டார்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. உத்யம் பதிவும் தேதியிட்ட பில்லும் கையில் இருந்தால் இணையம் வழியாகவே முறையிடலாம். நம்மவர்களோ துண்டுச்சீட்டில் கணக்கெழுதிச் சரக்கை ஏற்றி விடுகிறார்கள்!

மாவட்டத் தொழில் மையம் ஆனி மாதமே மார்த்தாண்டத்தில் உத்யம் பதிவு முகாம் நடத்தலாம். தாங்களும் இந்த 45 நாள் விதியைப் பெட்டிச் செய்தியாகப் போட்டால், வெட்டி எடுத்து ஒவ்வொரு பில்லோடும் பின் குத்தி அனுப்புவேன்.

சிப்ஸ் தயாரிப்பாளர் ஒருவர்,
மார்த்தாண்டம்