ஜூலை 14: 'சொல்தா' வீட்டுத் திருநாள்

1789-ஆம் ஆண்டு ஜூலை 14. பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையைத் தாக்கிப் பிடித்தார்கள். அந்நாள் பிரான்சின் தேசியத் திருநாள் ஆயிற்று.

புதுச்சேரியிலும் அது கொண்டாடப்படுகிறது. கொண்டாடுவோரில் பலர் தமிழர்கள்! பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரார் 'சொல்தா' என்பார்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள 6 மாத அவகாசம் இருந்தது. சில குடும்பங்கள் வைத்துக்கொண்டன.

"அந்நியர் ஆட்சி போன பிறகும் அவர்கள் திருநாள் எதற்கு?" என்று கேட்கலாம். அன்று கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைக்கிறார்கள். யாருக்கு? முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் விட்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு!

முதியவர்கள் மறைகிறார்கள். வாரிசுகள் பலர் பிரான்சில். நாளை பூ வைப்பது யார்? கதையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.