தெருவோரத்திற்கு ஒரு நீதி, இணையத்திற்கு ஒரு நீதியா?

என் தாயார் பேருந்து நிலைய வாசலில் பூ விற்பவர். 2019 ஜனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் நெகிழிப் பைகளுக்குத் தடை வந்தது. அதன் பிறகும் பழைய பையில் பூக் கொடுத்ததற்காக ஒருமுறை அபராதம் கட்டினார். அன்றைய வரும்படி முழுதும் அதிலே போயிற்று. இன்று பூவை வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டித் தருகிறார். சட்டம் நல்லதே, நான் குறை கூறவில்லை.

சென்ற மாதம் இணையத்தில் வாங்கிய என் கால்குலேட்டர் வீடு வந்தது. மேலே நெகிழி உறை. அதனுள் காற்றுக் குமிழித் தாள். அதனுள் மற்றோர் உறை. "இதுக்கெல்லாம் அபராதம் கிடையாதா கண்ணு?" என்றார் அம்மா. வேதியியல் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

தேடிப் படித்தேன். 2022 ஜூலை முதல் மத்திய அரசு தடை செய்த பொருள்களில் உறிஞ்சுகுழல் உண்டு, கரண்டி உண்டு. பார்சல் உறை இல்லை. பெரிய இணைய அங்காடிகள் தம் நெகிழிக்கு ஈடான கழிவைத் திரட்டி மறுசுழற்சி செய்தல் வேண்டும் என்பதே விதி. குறைந்தால், பிறர் மிகுதியாகச் செய்ததற்கான சான்றிதழை விலைக்கு வாங்கியும் ஈடுகட்டலாம். கணக்கு நேராகிவிடும், உறையோ எங்கள் தெருச் சாக்கடையிலேயே கிடக்கும்!

பாலிஎத்திலீன் எளிதில் மக்காது; துணுக்குகளாகச் சிதறும். அது ஏழை வீட்டு உறை, பணக்கார வீட்டு உறை என்று பார்ப்பதில்லை. சட்டமும் பார்க்கலாகாது. கொணர்ந்தவரே உறையைத் திரும்பப் பெறட்டும். மாணவ நண்பர்களே, வாங்குகிற நாமும் காகிதப் பொதியைக் கேட்போம். என் தாய்க்குச் சலுகை வேண்டாம், சமநீதி போதும்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)